முதல் மூன்று ராத்திரி

"பையன் உள்ள வந்த முதல் மூணு ராத்திரியைப் பாத்துக்கங்க சார். கேஸ் கட்டுல இல்லாததெல்லாம் அதுல தெரிஞ்சிரும்." இதைச் சொன்னவர் கூர்நோக்கு இல்லம் ஒன்றில் இரவுக் காவலராக இருந்த பெரியவர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். மனநலம் என்ற சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எவன் விடியவிடியப் புரண்டான், எவன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்தே இருந்தான், தம்ளரைப் பிடிக்கும்போது எவனுக்குக் கை நடுங்கியது என்று காலையில் நான் போனதும் ஒவ்வொன்றாகச் சொல்வார். நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். இந்தத் தொழிலில் எனக்கு வாத்தியார் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் அவரைத்தான் காட்டுவேன்.

கூர்நோக்கு இல்லம் என்றால் வெளியே இருப்பவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது. சீர்திருத்தப் பள்ளி என்றால் "ஓ, அதுவா" என்பார்கள். 18 வயது நிறையாத ஒருவன் வழக்கில் சிக்கினால் அவனை லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்தது அந்தக் குழுமம். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பெரும்பாலும் பிணையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அனுப்ப முடியாதவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம் கூர்நோக்கு இல்லம். குற்றம் செய்ததாக முடிவானபின் அதிகபட்சம் மூன்று ஆண்டுவரை அனுப்பும் இடம் சிறப்பு இல்லம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் செய்திருக்கும் ஏற்பாடு இது. ஆகவே கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் பையன் இன்னும் குற்றவாளி என்று யாராலும் தீர்மானிக்கப்படாதவன். இதை அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கே அடிக்கடி நினைவுபடுத்த வேண்டியிருக்கும்.

இந்த விஷயத்தில் நமக்குப் பழைய பெருமை ஒன்று உண்டு. சிறுவர்களுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1920-இல். பெரியவர்களோடு பிள்ளைகளை அடைத்தால் கெட்டுப்போவார்கள் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. உள்ளே வரும் பிள்ளை நோயாளியாகவும் இருக்கலாம் என்பது மட்டும் நமக்கு இன்னும் முழுசாக மண்டையில் ஏறவில்லை.

பையன் வந்த இரண்டு வாரத்துக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை கொடுக்க வேண்டும். அதற்கு அச்சடித்த படிவம் உண்டு. குடும்பம், வருமானம், படிப்பை நிறுத்திய காரணம், கூட்டாளிகள் என்று பக்கம் பக்கமாகப் போகும். நடுவில் பழக்கங்கள் என்று ஓர் இடம். புகை, குடி, போதைப் பொருள், சூதாட்டம், பக்கத்திலேயே டிக் அடிக்கக் கட்டம். டிக் அடித்தால் வேலை முடிந்தது. என்ன சாப்பிட்டான், எவ்வளவு, எத்தனை மாதமாக என்பதையெல்லாம் அந்த டிக் சொல்லாது. முக்கியமாக, கடைசியாக எப்போது என்று அதில் கேள்வியே இல்லை. மருத்துவரைப் பொறுத்தவரை முதல் கேள்வியே அதுதான்.

செல்போன் பறிப்பு வழக்கில் வந்த பதினாறு வயதுப் பையன் ஒருவனைச் சொல்கிறேன். பெயர் சொல்லச் சட்டம் விடாது, சொல்ல எனக்கும் மனமில்லை. அவனைக் கொண்டுவந்த காவலர், "சாதுவான பையன் சார், ஸ்டேஷன்ல வாயே திறக்கல" என்றார். மறுநாள் காலை அந்தச் சாது சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தான். பக்கத்தில் இருந்தவனை ஓங்கி அறைந்தான். "கீழ்ப்படிய மறுக்கிறான், திமிராக நடந்துகொள்கிறான்" என்று பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏறியபின் என்ன நடக்கும் என்பது இல்லத்துக்கு இல்லம் மாறும், விளக்க வேண்டியதில்லை. பெரியவர் என்னைத் தனியே கூப்பிட்டார். "ராத்திரி பூராக் கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தான் சார். தூக்கமும் இல்ல. மூக்கு ஒழுகுது, ஜலதோஷம் இல்ல. சட்டையத் தூக்கிப் பாருங்க, உரிச்ச கோழி மாதிரி முள்ளு முள்ளா நிக்குது."

அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். மனநலப் பிரிவு மருத்துவர் சின்ன வயதுக்காரர். பையனுடைய கண்ணின் பாவையைப் பார்த்தார், முழங்கையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஏதோ பஸ் எப்போது வரும் என்று விசாரிக்கிற குரலில், "கடைசியா எப்போ போட்ட?" என்று கேட்டார். "முந்தாநாள் மத்தியானம்" என்றான், உடனே. வலி மாத்திரை. மருந்துச் சீட்டில்லாமல் கள்ளத்தனமாகக் கிடைக்கிற, அபின் வகையைச் சேர்ந்த மாத்திரை. கரைத்து ஊசியாகவும் போட்டுக்கொண்டிருக்கிறான். இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்டதற்கு, "ஏன்டா திருடினன்னுதான் சார் எல்லாரும் கேட்டாங்க" என்றான்.

அபின் வகை மாத்திரையை நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், புல்லரிப்பு, உடம்பு முறிக்கும் வலி, வயிற்றுப்போக்கு எல்லாம் முதல் நாளிலேயே தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். தினமும் குடித்துப் பழகியவனுக்கு ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கம் வரலாம், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததைப் பார்த்துப் பிதற்றுவதும் உண்டு. சிறுவர்களிடம் இது அபூர்வம். வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியவனுக்குத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதை வாரக்கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கஞ்சாவை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது என்று பையன்களும் சொல்வார்கள், நம் பணியாளர்களும் சொல்வார்கள். சரியில்லை. தினமும் புகைத்தவனுக்கு ஒன்றிரண்டு நாளில் எரிச்சல் வரும், பசி போகும், தூக்கம் போகும். முதல் வாரம் மோசம். கெட்ட கனவுகள் அதற்குப் பிறகும் தொடரும். உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலை, மாவா, ஹான்ஸ் எல்லாம் தமிழ்நாட்டில் 2013 முதலே தடை செய்யப்பட்டவைதான். ஆனாலும் உள்ளே வரும் பையன்களில் முக்கால்வாசிப் பேர் கீழுதட்டை மடித்துக் காட்டினால் புண் இருக்கும். அதுவும் கிடைக்காமல் போனால் முதல் வாரம் ஒருவரோடு ஒருவர் முட்டிக்கொள்வார்கள்.

கணக்குப் பாருங்கள். பிடித்தவுடன் ஸ்டேஷன், மருத்துவப் பரிசோதனை, குழுமம், அப்புறம் இல்லம். கடைசியாகப் போதை எடுத்த நேரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நாள் ஓடியிருக்கும். போலீஸ் கையில் இருக்கும்போது அவன் உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது, அதனால் சாது. இல்லத்தின் கேட்டைத் தாண்டும்போது அது இறங்கத் தொடங்குகிறது. உடம்பு கேட்டு அலறுவதெல்லாம் சரியாக நம் கையில் இருக்கும் அந்த மூன்று ராத்திரியில் நடக்கிறது. அந்த அலறலுக்கு நாம் பதிவேட்டில் வைத்திருக்கும் பெயர் திமிர்.

சரி, மூன்றாம் ராத்திரி கழிந்தது, உடம்பு அடங்கியது. அதோடு தீர்ந்ததா என்றால், அங்கேதான் மனசு ஆரம்பிக்கிறது. ஏன்டா இந்தப் பழக்கம் என்று கேட்டால் பையன்கள் முதலில் "ஜாலிக்கு" என்பார்கள். கொஞ்ச நாள் பழகியபின் வேறு பதில் வரும். அதிகம் கேட்ட பதில், "தூக்கத்துக்குத்தான் சார்." ஒருவன் சொன்னான்: அவன் அப்பா ராத்திரி பத்து மணிக்குமேல் குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பாராம். ஐந்தாம் வகுப்பிலிருந்தே அவர் செருப்புச் சத்தம் கேட்கும்வரை தூங்கக் கூடாது என்று இவன் விழித்திருந்து பழகிவிட்டான். தடுக்க வேண்டுமே. அப்பா செத்துப்போனபிறகும் அந்த நேரத்துக்குத் தூக்கம் வரவில்லை. பதிமூன்று வயதில் யாரோ கஞ்சா கொடுத்தார்கள். அன்றைக்குத்தான் முழு ராத்திரி தூங்கினானாம். அவனைப் பொறுத்தவரை அது மருந்து. மருந்தைப் பிடுங்கிவிட்டு நோயை விசாரிக்காமல் விட்டால், அவன் வேறு மருந்து தேடத்தான் போவான்.

சிகாகோ நகரம் இருக்கும் குக் கவுன்ட்டியின் சிறார் காவல் இல்லத்தில் லிண்டா டெப்ளின் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1995 முதல் 1998 வரை 1,829 பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்கார வைத்துப் பேசி ஆராய்ந்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. பையன்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கும், பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கும் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. பாதிப் பேருக்குப் போதைப் பழக்கம் நோயாகவே முற்றியிருந்தது. அவர்களில் ஒரு பகுதியினரைத் தனியாக ஆராய்ந்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிர் நடுங்கும் அனுபவம் ஒன்றையாவது கண்டிருந்தார்கள். அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். அங்கே துப்பாக்கி, இங்கே அரிவாள். மற்றபடி எங்கள் இல்லத்தின் வராந்தாவில் நான் பார்த்த முகங்களுக்கும் அந்த எண்களுக்கும் பெரிய தூரம் இல்லை.

பையன்களின் மனச்சோர்வை நம்மவர்கள் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழ வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்த வயதில் அது பெரும்பாலும் கோபமாகத்தான் வெளியே வரும். எதற்கெடுத்தாலும் சீறுவான், சண்டைக்கு நிற்பான். இன்னொரு வகைப் பையன் ஓரிடத்தில் உட்கார மாட்டான், சொன்ன வேலையைப் பாதியில் விடுவான், நினைத்ததைச் செய்துவிட்டுப் பிறகு முழிப்பான். கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு அவனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே இருந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கிடைத்த சிகிச்சை, வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தது. கைகளைப் பார்த்தாலே சில விஷயம் தெரியும். இடது முன்கையின் உள்பக்கம் மணிக்கட்டிலிருந்து மேலே வரிசை வரிசையாகப் பிளேடுக் கோடுகள், சில வெளுத்துப்போனவை, சில இன்னும் சிவப்பாக. "கெத்துக்கு" என்பான். கெத்துக்குக் கிழித்துக்கொள்கிறவன் எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் கிழிப்பான். தொடையில், அரைக்கால் சட்டைக்குள் மறைகிற இடத்தில் கோடு இருந்தால் அது வேறு. அப்படி ஒருவன் இருக்கும் அறையில் ட்யூப் லைட் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது என்பதும் பெரியவர் சொல்லித்தான் எங்களுக்கு உறைத்தது.

இதையெல்லாம் பார்க்கத் தெரியாத இடத்தில் அடிதான் நிர்வாகமாகிவிடுகிறது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டில் அரசுக் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுப் பையன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருட்டு வழக்கில் வந்தவன். அடித்துக் கொன்றதாக இல்லப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டார்கள். அதன் பிறகு இல்லங்களின் நிலையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர்க் குழுவாக அரசு அமர்த்தியது. 2023 நவம்பரில் அவர் அறிக்கை கொடுத்தார். அறிக்கைகள் வரும், துறைகளின் பெயர்ப் பலகை மாறும். ராத்திரி இரண்டு மணிக்குப் பத்துப் பதினைந்து பையன்களோடு தனியாக இருக்கும் காவலருக்கு, வலிப்பு எது நடிப்பு எது என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா என்பதுதான் என் கேள்வி. அவர்களைத் திட்டுவது சுலபம். பலர் ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர்கள்.

சட்டத்தில் வழி இல்லாமலில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு, இல்லத்தில் இருக்கும் பிள்ளைக்கு மனநோயோ போதை அடிமைத்தனமோ இருப்பதாகத் தெரிந்தால் மருத்துவமனைக்கோ போதை மீட்பு மையத்துக்கோ மாற்றக் குழுமத்துக்கு அதிகாரம் தருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடியாலும் போதைப் பொருளாலும் வரும் மனக் கோளாறுகளையும் மனநோய் என்றே எண்ணுகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரைப் பெரியவர்களோடு ஒரே வார்டில் போடக் கூடாது, பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும் என்றும் சொல்கிறது. நியாயமான விதிதான். ஆனால் அந்தத் தாய் பூ கட்டுகிறவர், அல்லது சித்தாள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் மகனோடு தங்கினால் பத்து நாள் அடுப்பு எரியாது. வீட்டில் இன்னும் இரண்டு சின்னதுகள். இதற்கு மேல் வழிக்காவலுக்குப் போலீஸ் கேட்டால் பந்தோபஸ்து இருக்கிறது, அடுத்த வாரம் பார்ப்போம் என்பார்கள். இல்லத்துக்கென்று வண்டி இருக்காது, இருந்தால் ஓட்டுநர் இருக்க மாட்டார். பிரிவு 93 நம் ஊரில் தடுக்கி விழுவது இந்த மாதிரிச் சில்லறை விஷயங்களில்தான். தாய்க்கு அந்த நாட்களுக்கான கூலியை மாவட்ட நிர்வாகம் கொடுத்தால் என்ன என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். குறித்துக்கொண்டார்கள்.

பயந்துபோன சில பெற்றோர், பிணையில் எடுத்த கையோடு பிள்ளையைத் தனியார் மறுவாழ்வு மையம் என்று போர்டு வைத்த வீடுகளில் கொண்டுபோய் விடுகிறார்கள். உரிமம் பெற்று முறையாக நடத்துகிறவர்கள் உண்டு. உள்ளே விட்டபின் பெற்றோரையே பார்க்க விடாத இடங்களும் உண்டு. மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மனநல மருத்துவர் வந்து போகிறாரா, பிள்ளையைத் தனியே சந்தித்துப் பேச விடுவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் திரும்பி வந்துவிடுங்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நோயாளிகள் தீயில் கருகியதைப் பார்த்த மாநிலம் இது. எந்த நோயாளியையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பச்சையாகவே எழுதியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளிலேயே கலங்கரை என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் 2025-இல் திறந்திருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள்.

இல்லத்துக்குள் என்ன செய்தால் பலிக்கிறது என்று கேட்பார்கள். சிறப்பு விருந்தினர் வந்து போதையின் தீமைகள் பற்றிப் பேசிப் பழம் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதால் ஒன்றும் பலித்து நான் பார்த்ததில்லை. போதையின் தீமை அவர்களுக்கு விருந்தினரைவிட நன்றாகத் தெரியும். ஆற்றுப்படுத்துநராக ஒரு பெண் இருந்தார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும், பையன்கள் அக்கா என்பார்கள். மேஜைக்கு எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, கேரம் போர்டைக் கொண்டுவந்து போட்டார். பவுடர் தூவி, காய் அடுக்கி, ஸ்ட்ரைக்கரை அவனிடம் கொடுப்பார். ஆடும்போது கண் போர்டில் இருக்கும், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. ஒருவன் மூன்று வாரம் வாயே திறக்காமல் ஆடினான். ஒருநாள் சிவப்புக் காயைக் குறிபார்த்துக்கொண்டே, "என் தங்கச்சி கெணத்துல விழுந்தப்போ நான்தான்க்கா பக்கத்துல இருந்தேன்" என்றான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினான். காய் விழவில்லை. அக்கா, "அடுத்தது நீயே ஆடு" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவனே மீதியைச் சொன்னான். இந்தப் பெண்ணின் ஒப்பந்தம் முடிந்து வேறு வேலைக்குப் போனபோது பையன்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாசம் ஒரு முகம் மாறினால் எந்தப் பிள்ளையும் மனசைத் திறக்காது. ஆற்றுப்படுத்துநர் பதவியை நிரந்தரமாக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறு காரணம் இல்லை.

போதையைக் கொடுத்தவர்கள் பற்றியும் பேச வேண்டும். உள்ளே வந்த பிள்ளையைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுகிறோம். அவன் கையில் முதல் பொட்டலத்தை வைத்த பெரிய மனுஷனைப் பற்றி ஒரு வரி இருக்காது. மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் ஏழு ஆண்டுவரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு. பிள்ளையை வைத்து விற்றாலோ கடத்தினாலோ அதே தண்டனை என்கிறது 78. பையன் மாட்டினால் சீக்கிரம் வெளியே வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டுத்தான் அவனைக் கைமாற்றுக்கு வைத்துக்கொள்கிறார்கள். குழுமத்தின் முன் நிற்கும் ஒவ்வொரு போதை வழக்கிலும் இந்த இரண்டு பிரிவில் யார்மேல் வழக்குப் போட்டீர்கள் என்று காவல்துறையைக் கேட்க வேண்டும்.

பஞ்சர் ஒட்டும் சொலூஷன், பெயின்ட் தின்னர் போன்றவை இன்னும் மோசம், ஏனென்றால் அவை சாதாரணமாகக் கடையில் கிடைப்பவை. கைக்குட்டையில் ஊற்றி முகர்வார்கள். நாட்டில் எந்தப் போதையும் சிறுவர்களைவிடப் பெரியவர்களிடம்தான் அதிகம். இந்த முகரும் போதை மட்டும் தலைகீழ். எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய அரசுக்காக நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பு, முகரும் பழக்கத்துக்கு உதவி தேவைப்படும் சிறார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர் என்று மதிப்பிட்டது. காவல் துறை நண்பர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முகர்ந்த நிலையில் இருக்கும் பையனை விரட்டினால், பயத்தில் ஓடும்போது அவன் இதயம் தாளம் தப்பி அங்கேயே நின்றுபோகலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் நடக்கும். ரயில் நிலையத்தின் ஓரத்தில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையை அதட்டாமல், மெதுவாகப் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

18 முடிந்த மறுநாள் இதே பையன் பிடிபட்டால் கதை வேறு. அவன் சிறைக்குப் போவான், அல்லது இளைஞர்களுக்கென்று இருக்கும் பார்ஸ்டல் பள்ளிக்கு. இங்கிலாந்தில் கென்ட் பகுதியின் பார்ஸ்டல் என்ற ஊரில் 1902 வாக்கில் தொடங்கிய முறை அது. சென்னை மாகாணம் 1925-இல் தனக்கென்று சட்டம் இயற்றிக்கொண்டது, புதுக்கோட்டையில் இன்றும் பார்ஸ்டல் பள்ளி இருக்கிறது. அங்கே போனாலும் அவனுக்கு அதே மூன்று ராத்திரிதான். சட்டத்துக்குத்தான் பிறந்தநாள் உண்டு.

வெளியே போகும் நாளைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. மாத்திரையோ ஊசியோ பழகிய பையன் சில மாதம் உள்ளே இருந்தால், பழைய அளவைத் தாங்கும் சக்தி உடம்புக்குப் போய்விடும். மனசுக்கு அது தெரியாது. கேட் வாசலில் கூட்டாளிகள் வண்டியோடு நிற்பார்கள், அன்றைக்கு ராத்திரியே விருந்து. பழைய அளவை அப்படியே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஆகவே விடுதலை நாளில் தாயிடம் ஒப்படைக்கும்போது கையெழுத்து மட்டும் வாங்காமல், இதைத் தமிழில் உடைத்துச் சொல்லி அனுப்ப வேண்டும். மயங்கிக் கிடந்து மூச்சுக் குறைந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடு, போலீஸுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதே என்று சொல்ல வேண்டும். போதைப் பழக்கத்துக்கு 14446, மனக் கலக்கத்துக்கு 14416, பிள்ளைகளின் எந்தச் சிக்கலுக்கும் 1098. மூன்றும் கட்டணமில்லாத எண்கள். பேசத் தயங்குகிற பையனுக்காக நீங்களே பேசலாம்.

போன பிள்ளைகளில் திரும்பி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், திரும்பாதவர்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பாதவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் ஏதோ ஒரு வேலை கிடைத்திருந்தது. காலையில் எழுந்து போக ஓர் இடம், தாமதமானால் ஏன் என்று கேட்க ஒரு மேஸ்திரி. சிறார் வயதில் செய்த குற்றம் பிற்காலத்தில் எந்தத் தகுதியையும் பறிக்கக் கூடாது, அந்தப் பதிவேடுகளை உரிய காலம் கழிந்தபின் அழித்துவிட வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு. பதினாறு வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டுக் குற்றம் உறுதியானவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. ஆகவே பழைய கதையைக் கேட்காமல் ஒரு பையனை வேலைக்கு வைத்துக்கொள்வது சட்டத்தோடு ஒத்துப்போகிற காரியம்தான். லேத் பட்டறை, ஏசி மெக்கானிக் கடை, பேக்கரி, அச்சகம் என்று எதையாவது நடத்துகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒருமுறை போய், ஓர் ஆளுக்கு இடமிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கலெக்டர் ஆபீஸில் கேட்டால் வழி சொல்வார்கள்.